இரண்டாவது ஜோடி

கடைக்காரர் நாலு பெட்டிகளோடு வந்து இறங்கியபோது மதியம் மூன்று மணி. ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஓர் ஆள் கனம். மொத்தம் இரண்டு ஜோடி. விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனாலேயே, வாங்கும் முன் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று அந்தக் கடையில் ஒரு வழக்கம்.

ஓய்வுபெற்ற பொறியாளர் அவரைப் பாட்டுக் கேட்கும் அறைக்கு அழைத்துப் போனார். சுவரெல்லாம் தடித்த பஞ்சுப் பலகை. கதவு நாலு விரல் தடிமன்; சாத்தினால் உலகமே வாயை மூடிக்கொள்ளும். ஒரு காலத்தில் அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

எட்டு மாதத்துக்கு முன் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தபோது, அவர் இந்த அறையில்தான் இருந்தார். "கதவு சாத்தியிருந்துது, எதுவும் கேக்கல" என்று மகளிடம் சொன்னார். மகள் நம்பினாள். "உங்க மேல என்னப்பா தப்பு?" என்று அவரையே தேற்றினாள். அந்தத் தேற்றல்தான் அவரை அரித்துத் தின்றது. ஏனென்றால் அன்று கதவு அரை அடி திறந்திருந்தது. மனைவி கூப்பிட்டது கேட்டது. இரண்டு முறை.

புது ஸ்பீக்கர் வாங்கச் சொன்னதும் மகள்தான். அப்பா பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டாரே என்ற கவலை அவளுக்கு. மறுத்தால் ஏன் என்று கேட்பாள். ஒப்புக்கொண்டார்.

கடைக்காரர் இரண்டு ஜோடியையும் கறுப்புத் துணியால் மூடினார்.

"எது எதுன்னு தெரியக் கூடாது சார். விலை தெரிஞ்சா காது கட்சி மாறிடும். உங்களுக்குத் தலைகீழா தெரிஞ்ச பாட்டு ஒண்ணு குடுங்க."

தலைகீழாகத் தெரிந்தது ஒரே இசைத்தட்டு. முப்பது வருடமாக எதை வாங்கினாலும் அதைப் போட்டுத்தான் பார்ப்பார். ஓர் ஆண் குரல், ஒரு வயலின், வேறு எதுவும் கிடையாது. மனைவி விழுந்த அன்றும் அதுதான் ஓடியது. கை கூச உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

முதல் ஜோடி. சுத்தமான பாட்டு.

கடைக்காரர் சுவிட்சைத் திருப்பினார். பாடகர் மூச்சு இழுப்பது கேட்டது. வில் கம்பியில் உரசுவது கேட்டது. அதற்கும் பின்னால், எங்கோ ஈரமான சுவர்களுக்குள்ளிருந்து...

"என்னங்க..."

பொறியாளர் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"மறுபடி மொதல் ஜோடி போடுங்க."

சுத்தமான பாட்டு.

"இப்ப ரெண்டாவது."

"என்னங்க... கொஞ்சம் வாங்களேன்..."

கடைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பின்னாடி ஒரு லேடி பேசறாங்க இல்ல? ரெக்கார்டிங் பண்ணப்ப யாரோ வெளிய நின்னிருப்பாங்க. சாதா ஸ்பீக்கர்ல இதெல்லாம் வராது சார்!" வியாபாரம் படிந்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில்.

அறையில் சோப்பு வாசனை பரவியது.

"வேணாம். கழட்டுங்க."

கடைக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. இசைத்தட்டை நிறுத்தி, ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார்.

அப்போது மகள் காபியோடு வந்தாள். "என்னப்பா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்றபடி நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க..."

ஒயர் கடைக்காரர் கையில் இருந்தது.

"அம்மா குரல்ப்பா..." என்று திரும்பினாள் மகள். அப்பாவின் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் துளிகூட ஆச்சரியம் இல்லை. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

பொறியாளர் தரையில் உட்கார்ந்தார். எட்டு மாதமாக மறைத்தது வெளியே வந்தது.

"கேட்டுச்சும்மா. பாவி நான். கடைசி வரி ஓடிக்கிட்டிருந்துது... பாட்டு முடியட்டும்னு இருந்துட்டேன்."

கடைக்காரர் ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார்.

கறுப்புத் துணி லேசாக உப்பி அடங்கியது. உள்ளிருந்து, மிகப் பொறுமையான குரலில்:

"முடிஞ்சுதாங்க?"