நாற்பத்தெட்டு நிமிடங்கள்

காலை 10.40. மருந்துக் கடையிலிருந்து திரும்பிய நர்ஸ், பெரியவரின் அறைக்குள் நுழைந்ததும் பையை நழுவவிட்டார். பெரியவர் உறங்குவதுபோலக் கிடந்தார். மூச்சு இல்லை. தலைமாட்டில் மூன்று நாளைக்கு வர வேண்டிய வலி மருந்துக் குப்பி காலியாக இருந்தது.

உயிர் பிரிந்தது பத்தேகாலையொட்டி என்றார் டாக்டர். வாசல் பூட்டு உடைபடவில்லை. சாவி மகள், மகன், நர்ஸ் மூன்று பேரிடம்தான்.

மகள் ஒரு விமான நிறுவனத்தில் பயணத் திட்டம் போடுபவள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்கிடுவது அவள் வேலை. பத்தரை வரை அலுவலகத்தில் பத்துப் பேர் நடுவே இருந்தாள். வெளிநாட்டிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த மகனின் டிக்கெட்டில், விமானம் இறங்கும் நேரம் 10.15. கைப்பையோடு அவன் வீட்டுப் படியேறியபோது 11.10.

மிச்சம் நர்ஸ்தான்.

மாலை 4.00. கூடத்தில் இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டை மூடினார்.

"கிளம்புங்கம்மா. ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

"ஒன்பது அம்பதுக்குக் கடைக்குப் போனேன் சார். கூட்டம். ரெண்டு வருஷமா அவரைக் குளிப்பாட்டிவிட்ட கை சார் இது." நர்ஸ் கையை விரித்துக் காட்டினார்.

மகள் அண்ணனிடம் தண்ணீரை நீட்டினாள். "காலையிலேருந்து பட்டினியாண்ணா?"

"பிளேன்ல குடுத்தாங்க. பாதி சாப்பிடறதுக்குள்ள தட்டைப் பிடுங்கிட்டாங்க, இறங்கப் போறோம்னு. உங்க ஆளுங்க லட்சணம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. உள்ளே போய் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இரண்டே நிமிடம். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"சார், அவங்களை விட்டுடுங்க."

"உங்க அண்ணன் டிக்கெட்டையும் பாத்துட்டோமேம்மா."

"டிக்கெட்ல போடுறது உத்தேச நேரம் சார். மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், அஞ்சேகால் மணி நேரம். ஆனா குளிர்காலத்துல மேல காத்து மேற்கிலேருந்து கிழக்கே பிச்சுக்கிட்டு அடிக்கும். இந்தப் பக்கம் வர்ற பிளேனைப் பின்னாலேருந்து தள்ளிவிடும். அதான் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள தட்டை எடுத்திருக்காங்க. இன்னைக்கு அது இறங்கினது ஒன்பது இருபத்தேழுக்கு. நாப்பத்தெட்டு நிமிஷம் முன்னாடி."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இறங்கி வெளிய வர கொஞ்ச நேரம், ஏர்போர்ட்லேருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம். பத்து மணி வாக்குல நீ இங்க இருந்திருக்க. அப்புறம் எங்க போய் நின்னண்ணா?"

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெருமுனை பஸ் ஸ்டாப்ல."

"அப்பாவுக்கு என்ன செஞ்ச?"

"தனியா இருந்தார். வலியில தலகாணியைக் கடிச்சுக்கிட்டு. என்னைப் பாத்ததும் 'வந்துட்டியா, முடிச்சு விடுடா'ன்னார். கெஞ்சினார். அவர் யார்கிட்டயாவது கெஞ்சிப் பாத்திருக்கியா நீ?"

"அதுக்கு இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்னு பேசாம உக்காந்திருப்பியா?"

"பயந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தொட்டார். அவன் எழுந்தான். வாசலில் செருப்பைத் தேடியபடி, திரும்பாமலே கேட்டான்:

"உங்கிட்ட கேக்கவே இல்லையா அவர்?"

ஜீப் கிளம்பிப் போனபின்தான் மகள் வாய் திறந்தாள்.

"தினமும் கேட்டார். டியூட்டிக்கு நேரமாச்சுப்பான்னு ஓடிடுவேன்."

நர்ஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்டயும்தாம்மா," என்றார்.