ஒட்டிக்கொண்ட பக்கம்

தேவதர்ஷினியின் அம்மா கோகிலவாணி கள்ளக்குறிச்சியில் பயிற்சி முடித்து மலைக்குத் திரும்பியபோது, கையில் ஒரு பெரிய படப்புத்தகம் இருந்தது. சாதாரணப் புத்தகம் இல்லை. மேசைக் காலண்டர் மாதிரி தானே நிற்கும். முன்பக்கத்துப் படம் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. பின்பக்கத்து எழுத்து பேசுகிறவருக்கு. காசநோய் எப்படித் தொற்றுகிறது, எப்படிக் குணமாகிறது என்று படம் படமாக இருந்தது. கரியாலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இதைக் காட்டிப் பேசுவதுதான் அம்மாவின் புது வேலை.

முதலில் வீட்டிலேயே ஒத்திகை நடந்தது. கேட்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று, ஐந்தாம் வகுப்பு படிக்கும் தர்ஷினி. இன்னொன்று, வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு.

“ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதன பண்ணணும்ங்க” என்றாள் அம்மா, ஆட்டைப் பார்த்து.

ஆடு தலையை ஆட்டியது.

“மாத்திரைய ஒரு நாளும் வுடக் கூடாதுங்க. நடுவுல வுட்டா, போன நோவு முன்னவிட ஜாஸ்தியா திரும்பி வரும்.”

பேச்சு தடங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அம்மாவின் கை இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியது.

“அம்மா, நடுவுல ஒரு படம் போயிடுச்சி.”

“ஒட்டிக்கிச்சிடி. புதுப் புத்தகம் இல்ல?”

மறுநாள் ஒத்திகையிலும் அதே தாள் ஒட்டிக்கொண்டது. ரேஷன் கடை முன்னால் ஊரைக் கூட்டிப் பேசியபோதும் ஒட்டிக்கொண்டது. இது என்னடா அதிசயப் பசை என்று தர்ஷினி தனியாக எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். தாள் சமர்த்தாகத் திறந்தது. உள்ளே ஒரு ஆள், புதர் ஓரமாகத் திரும்பி நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார். அது சிவப்பாக இருந்தது. தர்ஷினிக்கு வந்த சிரிப்பில், பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியில் மதியச் சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜீவா முட்டையைத் தொடவே இல்லை. ஜீவா முட்டையைத் தொடவில்லை என்றால், எங்கோ பெரிய கோளாறு என்று அர்த்தம்.

“இன்னாடா ஆச்சி?”

“யார்கிட்டயும் சொல்லாத. எங்க அம்மா மேல சத்தியம் பண்ணு.”

“பண்ணிட்டேன். சொல்லு.”

ஜீவா குரலைத் தாழ்த்தினான். “எங்க அப்பா இப்பல்லாம் மாத்திரைய முழுங்கறதே இல்ல. கூரையில சொருகி வெச்சிடறாரு.”

ஜீவாவின் அப்பா பழனிக்குக் காசநோய் என்பது ஊருக்கே தெரியும். இருமி இருமி எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர், மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் எழுந்து நடந்தார். கடைத்தெரு வரை போய் வந்தார். அடுத்த மாதம் மிளகு பறிக்கும் வேலைக்குப் போகப் போவதாகக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏன்டா? அந்த மாத்திரையாலதான எழுந்து நடந்தாரு?”

“அவருக்கு... ஒண்ணுக்கு செவப்பா போச்சாம். மாத்திரை ஒடம்புல இருக்கற ரத்தத்தையெல்லாம் வெளிய தள்ளுதுன்னு பயந்துகினு இருக்காரு.”

“மாத்திரை குடுக்கற நர்சம்மாகிட்ட கேக்கலாம் இல்ல?”

“வெக்கமாம். அம்மாவுக்கே தெரியாது. நான் தோப்புப் பக்கம் போனப்ப அவருக்கு செவப்பா போவறத பாத்துட்டேன், அதனால என்கிட்ட மட்டும் சொன்னாரு.” ஜீவாவின் கண் கலங்கியது. “நேத்துலேர்ந்து மறுபடியும் இருமறாரு, தர்ஷினி.”

தர்ஷினிக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அந்த ஒட்டிக்கிற பக்கத்துல இன்னா போட்டுருக்கு?”

அம்மா அடுப்பைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். தப்பிக்க வழி இல்லை.

“அது மாத்திரையோட சாயம்டி. அந்த மாத்திரைய முழுங்கினா ஒண்ணுக்கு செவப்பாதான் போவும். ரத்தம் இல்ல. பயப்படவும் தேவ இல்ல.”

“அப்ப ஏன் அத யார்கிட்டயும் சொல்லல?”

“எப்பிடிச் சொல்லுவேன்? கூட்டத்துல முன்னால உங்க தாத்தா உக்காந்துகினு இருக்காரு. பக்கத்துல சின்ன மாமனாரு. இந்த ஊர்ல ஆம்பளைங்கன்னா எனக்கு ஒண்ணு மாமனாரு முறை, இல்லன்னா கொழுந்தனாரு முறை. அவங்க எதிர்ல நின்னு ஒண்ணுக்கப் பத்திப் பேசச் சொல்றியா?”

அதுவும் நியாயம்தான். அந்தச் சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். புத்தகம் போட்டவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

“இல்லம்மா, பழனி மாமா...” என்று ஆரம்பித்த தர்ஷினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜீவாவின் அம்மா மேல் சத்தியம் பண்ணியிருக்கிறாளே!

இரவு சாப்பிடும்போதும் அவளுக்கு இதே யோசனை. அம்மாவே நேரில் போய்க் கேட்டாலும், பழனி மாமா “அப்பிடி எதுவும் இல்லம்மா” என்று சொல்லிவிடுவார். வெட்கப்படுகிறவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் இன்னும் வெட்கப்படுவார். எல்லாருக்கும் சொல்வது போலச் சொன்னால்? கூட்டத்தில் ஒருவராக அவரும் கேட்டுக்கொள்வார் இல்லையா?

“அம்மா, மாமனாரு முறை, கொழுந்தனாரு முறையெல்லாம் உனக்குத்தான? எனக்குத்தான் மாமனாரே இல்லயே! அந்தப் பக்கத்த நான் சொல்றேன்.”

அம்மாவுக்குச் சோறு புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

“சரி, நீயே சொல்லு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவாவின் தெருவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம். முதல் வரிசையில் மாயவன் தாத்தா, மருமகளின் பேச்சைக் கேட்கச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், பலா மரத்தில் சாய்ந்தபடி பழனி மாமா. துண்டை வாயில் வைத்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தில் அந்த ஒட்டிக்கொள்ளும் பக்கம் வந்தது. அம்மா நகர்ந்துகொண்டாள். தர்ஷினி ஒரே ஒரு தாளைப் புரட்டினாள்.

படத்தைப் பார்த்ததும் பையன்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாயவன் தாத்தா தொண்டையைச் செருமினார். தர்ஷினி பின்பக்கத்து எழுத்தைத் தேடினாள். வீட்டில் பேசும்போது இவ்வளவு கஷ்டமாக இல்லையே! அவள் பையன்களைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள்.

“பீட்ரூட் நெறைய தின்னா மறுநாள் இன்னா ஆவும்?”

“செவப்பா போவும்!” என்று ஒரு பொடியன் கத்தினான்.

“அது ரத்தமா?”

“இல்ல! பீட்ரூட்டு!”

“டி.பி. மாத்திரையும் அப்பிடித்தான். முழுங்கினா ஒண்ணுக்கு செவப்பா போவும். அது மாத்திரையோட சாயம். ரத்தம் இல்ல. அதப் பாத்து பயந்து மாத்திரைய நிறுத்தவே கூடாது.”

ஜீவா தலையைக் குனிந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தான். தர்ஷினியும் பலா மரத்துப் பக்கம் திரும்பாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்...” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பழனி மாமா! “அவனுக்கு இப்பிடித்தான் செவப்பா போச்சி. பயந்துகினு மாத்திரைய வுட்டுட்டான். இப்ப அவன் இன்னா பண்றது?”

தர்ஷினிக்கு அது தெரியாது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாமனாரைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அந்த ஒருத்தர நாளைக்கே நர்சம்மாவ வந்து பாக்கச் சொல்லுங்க. எத்தன நாளு வுட்டாருன்னு மறைக்காம சொல்லணும்ங்க. யாரும் திட்ட மாட்டாங்க. அவங்க சொல்ற மாதிரி மறுபடியும் மாத்திர சாப்புட்டா நல்லாயிடுவாருங்க. ஒண்ணுக்கு செவப்பா போனா மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம்ங்க!”

எல்லா மாமனார்களுக்கும் எல்லாக் கொழுந்தனார்களுக்கும் கேட்கும்படி, சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

மாயவன் தாத்தா மருமகளை ஏறிட்டுப் பார்த்தார். “இது தெரிஞ்சிக்க வேண்டிய விஷயம்தான?” என்றார். “அடுத்த படத்தத் திருப்பும்மா.”

கூட்டம் கலைந்தபோது பழனி மாமா தர்ஷினியின் அருகே வந்து நின்றார். அவள் தலையில் கையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் நர்சம்மாவைப் பார்க்கப் போனார் என்று தெரிந்தது. டாக்டரிடமும் காட்டினார்களாம். அதற்கு மேல் எந்தச் சேதியும் இல்லை. மறுபடியும் மாத்திரையை விழுங்குகிறாரா, கூரையில்தான் செருகுகிறாரா? தர்ஷினிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை, பள்ளியில் பிரார்த்தனைக்கு எல்லாரும் வரிசையில் நின்றிருந்தார்கள். ஜீவாவை மட்டும் காணோம். பாட்டு பாதி முடிந்தபோது தூரத்தில் ஒரு உருவம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. வேலியைத் தாண்டும்போதே, யார்கிட்டயும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிய அந்த ஜீவா, தொண்டை கிழியக் கத்தினான்.

“தர்ஷினி! எங்க அப்பாவுக்கு செவப்பா போவுது!”

கலையரசி டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு விழித்தார். பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. வரிசையின் நடுவில் நின்ற தர்ஷினி மட்டும் குதித்துக் குதித்துக் கை தட்டினாள்.