சாகாத புளிப்பு

ஏழாம் வகுப்பில் எத்தனால் பாடம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் ஊற்றுவார்கள். நொதி வாரியம் கொடுக்கும் பொட்டலத்தைக் கொட்டி, பாட்டில் வாயில் பலூனைக் கட்டுவார்கள். உள்ளே நொதிக்க நொதிக்கப் பலூன் எழுந்து நிற்கும். பிறகு அருமைநாயகம் சார் அதைக் காய்ச்சி வடித்துப் பற்றவைப்பார். நீலச்சுடர் எழும்.

பெட்ரோல் தீர்ந்துபோன காலம் அது. அடுப்பு எரிந்ததும் பஸ் ஓடியதும் அந்தச் சுடரில்தான். அதனால் நொதிக்கு, ஈஸ்ட் என்பார்களே அதற்கு, காவல் அதிகம். வாரியத்து நொதி ஒருதரம் வேலை செய்துவிட்டுச் செத்துப்போகும். அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். அடுத்த தரத்துக்கு அடுத்த பொட்டலம். வேறு நொதியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

"வீட்டில இருந்து எதையாவது சேர்த்து, பலூனைப் பெருசாக்க முடியுதான்னு பாருங்க. யாரு அசத்துறீங்கன்னு பாப்போம்" என்றார் சார்.

ஷீலாவின் அம்மா தங்கபுஷ்பம் ஆப்பக்கடை வைத்திருந்தாள். மாவு முழுவதையும் சுட்டுவிட மாட்டாள். ஒரு கை மாவைச் சட்டியில் மிச்சம் வைத்து, அடுத்த மாவை அதன்மேல் கரைப்பாள். கடை போட்ட நாளிலிருந்து சாகாமல் வந்த புளிப்பு அது. சட்டம் நொதியைப் பற்றித்தானே பேசியது? மாவைப் போய் யாராவது ஒளிப்பார்களா? அவளும் ஒளிக்கவில்லை.

ஷீலா அதில் ஒரு ஸ்பூன் எடுத்துப்போனாள்.

மற்ற பலூன்கள் தொங்கிப்போயின. அவளுடையது மட்டும், கருப்பட்டித் தண்ணீர் ஊற்ற ஊற்ற, விம்மிக்கொண்டே இருந்தது.

"ஏ ஷீலா, உன் பாட்டில்ல பேய் புகுந்திருக்குட்டி!" என்றான் பக்கத்து பெஞ்சு ஆல்வின்.

சார் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். "அசத்திட்டம்மா! இதை வீட்டில யாரு வச்சிருக்கா?"

"எங்கம்மா சார்!"

மறுநாள் வாரியத்து ஆட்கள் வந்து சட்டியில் கொதிநீரை ஊற்றினார்கள். கடைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

"மாவு வச்சிருக்கது குத்தமாய்யா?"

"தானாப் பெருகுறது குத்தம்மா."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"உங்க மகதான்."

ஷீலா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். "சார், அசத்திட்டேன்னு சொன்னீங்களே!"

கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "அசத்தினதென்னவோ நிசம்தாம்மா. எந்த வீட்டில சாகாத நொதி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தப் பாடமே வச்சிருக்காங்க."

கடையை மறுபடி திறக்க விட்டார்கள், பொட்டல நொதியோடு. அந்த ஆப்பம் பஞ்சாக வந்தது, புளிப்பு வரவில்லை. ஒருநாள் காலை ஷீலா வாயில் வைத்த ஆப்பம் சுள்ளென்று புளித்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எம்மா! யாரு குடுத்தா? எங்க வச்சிருக்க?"

தங்கபுஷ்பம் ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே, மகள் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "என்ன புளிப்பு? எல்லாம் வாரியத்துப் பொட்டலம்தான். பேசாம தின்னுட்டுப் போ."