நிலைக்கால்

வேணுகா நேற்று நிமிர்த்தி வைத்துவிட்டுப் போன வாசலின் இடது நிலைக்கால் இன்று உள்பக்கம் சாய்ந்திருந்தது. திரையில்தான். ஆனாலும் கம்ப்யூட்டருக்குள் நட்ட மரம் தானாகச் சாயுமா என்ன?

சோலோதுர்ன் நகரத்து அலுவலகத்தில் அன்று அவள் மட்டும்தான். பின்னேரமே ஆரே ஆற்றுப் பனிமூட்டம் ஜன்னல்களை அடைத்துவிட, ஹீட்டர் குழாய்கள் சுவருக்குள் கடகடத்துக்கொண்டிருக்க, புதிதாகக் கிடங்கு வெட்டினால் வருமே, அந்த ஈரமண் வாசனை மேசையடியிலிருந்து மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் காலத்து மரவீடொன்றை, அகழ்ந்தெடுத்த பழைய குழிகளின் மேலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதன் அளவுகளை வைத்து மரம் மரமாகக் கம்ப்யூட்டரில் எழுப்பி, பாரம் ஏற்றி, அந்தக் காலத்து ஆட்கள் அதை எப்படித்தான் நிறுத்தினார்கள் என்று கண்டுபிடிப்பது வேணுகாவின் வேலை. பிரசவ லீவுக்கு முன் முடித்தாக வேண்டும். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை ஏறத்தானே வேண்டும்.

வீடோ நிற்கமாட்டேன் என்றது. கூரையை ஏற்றியதும் இடது நிலைக்கால் வழுக்கும், முழு வீடும் விழும். அந்தக் குழி மட்டும் மற்றவற்றைவிட ஆழம். அகழ்ந்தவர்கள் வரைந்த படத்தில் அதன் அடியில் ஒரு சின்ன வெற்றிடம் இருந்தது. காலுக்குக் கீழே எதையோ வைத்திருக்கிறார்கள். என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

கணவன் தவச்செல்வன் வீட்டிலிருந்து போன் எடுத்தான்.

"இன்னும் முடியேல்லையோ?"

"வாசல் நிலை நிக்குதில்லையப்பா."

"அம்மா ஏசுறா. வயித்தில பிள்ளையோட நிலை வைக்கக்கூடாதாம்."

"கம்ப்யூட்டரிலதானே வைக்கிறன். உங்கட அம்மாக்கு வேற வேலையில்லை."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பின்னேரமானால் வழக்கமாகச் செய்வதுபோலப் பிள்ளை இடது விலாவுக்குக் கீழே ஓர் உதை விட்டது. எத்தனையோ வருஷம் கோயில் கோயிலாக அலைந்து தங்கிய பிள்ளை. அந்த ஓர் உதைக்காகத்தான் அவள் நாள் முழுக்கக் காத்திருப்பாள்.

போனை வைத்துவிட்டு, குழியின் வெற்றிடத்தில் ஓர் உருண்டையை வைத்தாள். இதன் எடை என்ன என்று கேட்டது திரை. காலையில் ஸ்கான் பண்ணிய டொக்டர் சொன்ன பிள்ளையின் எடைதான் மனதில் நின்றது. ஏதோ ஒன்று போட்டால் சரி என்று அதையே அடித்தாள்.

கூரையை ஏற்றினாள். வீடு நின்றது.

அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தாள். ஹீட்டர் சத்தம் நின்றிருந்தது. மண் வாசனை தொண்டைவரை வந்துவிட்டது. திரையில் நிலைக்கால் லேசாக அதிர்ந்தது. ஸ்பீக்கரில் ஒரு சத்தம். டக். மண்ணுக்குள்ளிருந்து. டக், டக்.

வயிற்றில் கை வைத்தாள். அசைவில்லை. அழுத்தினாள். மறுபக்கம் சரிந்து உட்கார்ந்தாள். ஆறிப்போன தேத்தண்ணியில் சீனியைக் கொட்டிக் குடித்தாள். இனிப்பென்றால் உடனே துள்ளுகிற பிள்ளை.

"செல்லம், அம்மாக்கு ஒருக்கா உதையுங்கோ."

ஒன்றுமில்லை.

உருண்டையை அழித்துவிடலாம் என்று குழியைத் திறந்தாள். அங்கே உருண்டை இல்லை. முழங்கால் மடித்து, முகத்தை நெஞ்சில் புதைத்து, சின்னதாக ஒன்று சுருண்டு கிடந்தது. அதன் முதுகில் நிலைக்கால் ஊன்றியிருந்தது. நிலைக்காலின் மேல் முழு வீடு.

அழிக்கும் பொத்தானில் விரல் நின்றது. அழித்தால் அதுவே போய்விடும்; நிலைக்காலை எடுத்தால் வீடு விழும். அதன் மேலேயே விழும்.

குழிக்குள் அது காலை நீட்டி உதைத்தது. இடது பக்கம். வழக்கமான அதே இடத்தில்.

வேணுகாவின் வயிறு அசையவில்லை.