தூணுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு

கணக்கு வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பதை மதிப்பெண்தான் முடிவு செய்யும். வெள்ளிக்கிழமை தேர்வு, திங்கட்கிழமை இடமாற்றம். நிறைய வாங்கியவர்களுக்கு முதல் பெஞ்சு. குறைவாக வாங்கியவர்களுக்குக் கடைசி பெஞ்சு.

குண்டூசிக்கு எப்போதும் முதல் பெஞ்சுதான். அவ்வளவு கூர்மையான பெண் என்று வகுப்பு வைத்த பெயர் அது. கடைசி பெஞ்சு எப்போதும் ஊஞ்சலுக்கு. உட்கார்ந்த இடத்திலேயே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை குண்டூசிக்கு ஓயாத தும்மல்.

"எல்லாருக்கும் ஒட்டிக்கும். இன்னைக்கு மட்டும் பின்னாடி உக்காந்து எழுதும்மா" என்றார் மிஸ்.

ஊஞ்சலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள் திகைத்துப்போனாள். அறையின் நடுவே நின்ற தடித்த தூண், கரும்பலகையின் பாதியை விழுங்கியிருந்தது. இந்தப் பக்கம் '36 +' தெரிந்தது. அந்தப் பக்கம் '+ 18' தெரிந்தது.

"நடுவுல என்னடா?" என்று கிசுகிசுத்தாள்.

"எட்டிப் பாத்தாத்தான் தெரியும். பாத்தா, ஆடாதேன்னு மிஸ் திட்டுவாங்க. அதனால நானே ஒண்ணு போட்டுக்குவேன்."

"நீயேவா?"

"போன வாரம் ஒன்பது போட்டேன். மிஸ் நாப்பத்திரண்டு போட்டிருந்தாங்க. கொஞ்சம்தான் தப்பு."

"மிஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ஒழுங்கா மார்க் வாங்கு, தானா முன்னாடி வந்துடலாம்னாங்க."

அந்தத் தேர்வில் குண்டூசிக்குப் பத்துக்கு மூன்று. திங்கட்கிழமை, கடைசி பெஞ்சை நினைத்து அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"உனக்குத்தான் அன்னைக்கு உடம்பு சரியில்லையே. போனாப் போகுது, உன் இடத்துலயே உக்காரு" என்றார் மிஸ்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையோடு முன்னால் நடந்தவள் பாதியில் நின்றாள். ஊஞ்சலும் அதே மூன்றுதான் வாங்கியிருந்தான். அவனுக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை.

"மிஸ், ஒரு நிமிஷம் கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்குறீங்களா?"

மிஸ் போய் உட்கார்ந்தார். கரும்பலகையைப் பார்த்தார். இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார்.

"ஆடாம உக்காருங்க, மிஸ்" என்றான் ஊஞ்சல், மிக மரியாதையாக.

வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை.

"நீ சொன்னப்போ நான் காதுலயே வாங்கலையேடா" என்றார். பிறகு எழுந்து, "இனிமே மார்க் பாத்து இடம் கிடையாது. வாரத்துக்கு ஒரு பெஞ்சு, எல்லாரும் மாறி மாறி உக்காருவோம்" என்றார்.

"நாங்க கஷ்டப்பட்டு வாங்கின இடம், மிஸ்" என்று முதல் பெஞ்சு முனகியது.

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் குண்டூசி. "தூணுக்குப் பின்னாடி போய் உக்காருற வரைக்கும்."

"மாறி மாறி உக்காந்தாலும், தூண் அங்கேயேதானே இருக்கும்? யாராவது ஒருத்தர் மாட்டிக்கத்தானே வேணும்?" என்று முதல் பெஞ்சு விடவில்லை.

மிஸ் தூணை ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாரையும் இடம் மாறச் சொன்னார்.

அந்த வாரம் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது, குண்டூசியோடு சேர்த்து முதல் பெஞ்சுதான். ஊஞ்சல் முன்னால் வந்தான். மிஸ் முதல் கணக்கை எழுதி முடித்தார். அவன் பென்சிலை எடுக்கவில்லை.

பின்னால் திரும்பி, "நடுவுல இருபத்தஞ்சு" என்று உரக்கச் சொன்னான். குண்டூசி எழுதிக்கொண்டு தலையாட்டிய பிறகுதான், தன் நோட்டைத் திறந்தான்.