மஞ்சள் கோடு போட்ட பலகைகள்

கிட்டத்தில் வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொள்ளுங்கள். வல்லம் வடகால் என்ற ஊரில் ஒரு படகுக்குப் பலகை மாற்றிய கதை சொல்கிறேன்.

இரவு ஷிப்டும், அதன்மேல் நாலு மணி நேர ஓ.டி.யும் முடித்து வந்த இசக்கிதுரை, பழைய அலுமினியப் படகின் முதல் உட்காரும் பலகையைக் கழற்றித் திருப்பினான். அடிப்பக்கம் ஈரம். இரண்டு மாதமாக மழையில்லை. படகும் தகரக் கூரைக்குக் கீழே, நான்கு டயர்களின் மேல்தான் கிடந்தது.

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டான். போன வருடம் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்து நான்கு நாள் அடைந்து கிடந்தார்கள். இந்த வருடம் மனைவி வேல்விழிக்கு மாதம் ஒன்பது. தண்ணீர் வந்தால் அவளை ஆஸ்பத்திரி சேர்க்க இந்தப் படகை விட்டால் வழியில்லை.

எங்கோ குளத்தில் ஆட்களோடு கவிழ்ந்த படகை ஏலத்தில் மலிவாக எடுத்துவந்த வீட்டுக்காரர் பாபு, பைக்கை உதைத்துக்கொண்டே சிரித்தார்.

"இன்னா தொரை, கார் சீட்டு கணக்கா பாத்து பாத்து செய்யறே. ஆளு உக்காந்தா போதும்பா."

"உக்காரதுக்குத்தான அண்ணாச்சி இம்புட்டும்."

பைக் சத்தம் தேய்ந்தது. கம்பெனியில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகையை அவன் அறுத்தபோது மரத்தூளின் வாசனையோடு, நாள்பட்ட குளத்தடிச் சேற்றின் வாசனையும் கலந்து, வியர்வையில் ஒட்டிய தூள்போல மூக்கைவிட்டுப் போகாமல் நின்றது. போல்ட்டுகளை முடுக்கினான். கை, பழக்கத்தில், மார்க்கரை எடுத்துப் பலகையின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு இழுத்தது. கார் சீட்டு லைனில் அவன் வேலை அதுதான். கோடு விழுந்தால் சீட்டு சரி. இனி ஆள் உட்காரலாம்.

கீழே ஒரு டயர் முனகியது.

குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது கோடுகளின் மேல் இரண்டு வட்டமாக ஈரம். துணியால் துடைத்தான். மறுபடி ஊறியது.

கண் எரிந்தது. முடித்தால் தூங்கலாம். இரண்டாவது பலகை. இரண்டு கோடு. டயர்கள் இன்னும் கொஞ்சம் அமுங்கின. மூன்றாவது. கோடு. கோடு.

படகின் அடி தரையைத் தொட்டது.

கை கழுவக் குழாயடிக்குப் போனான். திரும்பினான். டீத் தூக்கோடு வந்த வேல்விழி, படகு அவ்வளவு தாழ்ந்திருந்ததால், சுலபமாகக் கால் எடுத்துவைத்து நடுப்பலகையின் மத்தியில் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"அத்தான், செத்த எந்திரிங்க. எம் முந்தானை மேல உக்காந்திருக்கிய."

அவனோ பத்தடி தள்ளி நின்றான்.

அவள் முந்தானை இடப்பக்கக் கோட்டின் மேல் விறைத்துக் கிடந்தது. இழுத்தாள். வரவில்லை. சிரித்துக்கொண்டே வலப்பக்கம் நகர்ந்தாள். எதிலோ இடித்து நின்றாள்.

சிரிப்பு நின்றது.

அவன் ஓடினான்.

தரையில் கிடந்த படகு, தண்ணீரில் கிடப்பதுபோல், மெல்ல ஆடியது. அவள் வயிற்றுச் சேலையில் ஐந்து ஈர விரல்கள் பதிந்தன. பிறகு, மறுபக்கத்திலிருந்து, இன்னும் ஐந்து.

உங்கள் வீட்டில் வந்து உட்காருபவர்கள் எல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்களாகவே இருக்கட்டும், கண்ணுகளா. பிள்ளை குட்டியோடு நல்லா இருங்கள்.