பாதம் வரை மஞ்சள்

பிள்ளை பாலுக்கு அழவில்லை. பிறந்து நாலாம் நாள், மதியம் தாண்டியும் அழவில்லை. மார்பில் போட்டால் இரண்டு வாய் குடித்துவிட்டு, திறந்த வாயோடு தூங்கிப்போனது. வந்து பார்த்தவர்களெல்லாம் பெற்றவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

மூன்றாம் நாளே காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். "அசந்து தூங்குற பிள்ளைய எதுக்கு எழுப்பணும்? நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றாள் நாத்தனார். மூன்று பெற்றவள், அவளிடம் வாய் கொடுக்க முடியுமா? மூக்கு மஞ்சளாகத் தெரிகிறதே என்று கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவன் அவன். "இந்த பல்புல நானுந்தான் மஞ்சளா இருக்கேன்," என்று சிரித்தான்.

பிள்ளைக்குக் கண் கூசும் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். புளித்த பால் வாடையும், மின்விசிறியின் கிறீச்சும், மூச்சு வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து கேட்க வேண்டியிருந்த அந்தத் தூக்கமும் சேர்ந்து அவளை உட்காரவிடவில்லை. எழுந்து திரையை விலக்கினாள். வெயில் தொட்டிலில் விழுந்தது.

நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தாள். மஞ்சள். நெஞ்சு. வயிறு. தொடை. காலுறையைக் கழற்றிப் பாதத்தை அழுத்தினாள். அங்கேயும் மஞ்சள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கண்ணைத் துணிப்பட்டையால் மூடி, நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள்.

"நேத்தே கொண்டு வந்திருக்கணும்மா," என்றாள் நர்ஸ்.

"இந்த லைட்டுல சரியாயிடும்ல சிஸ்டர்?"

"மஞ்சள் குறையும். மூளைக்கு ஏறியிருந்தா அத இந்த லைட்டால இறக்க முடியாது."

இரவெல்லாம் விளக்கு எரிந்தது, ரத்தமும் மாற்றினார்கள். விடிந்தபோது மஞ்சள் பாதி வடிந்திருந்தது. கணவன் சுவரில் சாய்ந்து அழுதான். அவளுக்கும் உயிர் வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். மெல்லியது. தகரத்தை ஆணியால் கீறுவது போல. ஏதோ கருவி என்று நினைத்தாள். பிள்ளையின் வாய் திறந்திருந்தது.

பின்கழுத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். தலை பின்னால் வளைந்தது. நிமிர்த்தினாள். மறுபடி வளைந்தது. முதுகும் விறைத்து வளைந்தது.

நர்ஸ் கண்பட்டையைக் கழற்றினாள். கருவிழிகள் கீழிமைக்குள் பாதி புதைந்திருந்தன.

"இங்க பாரு தங்கம். அம்மா பாரு."

விழிகள் மேலே வரவில்லை.